காப்பீடு வரட்டும், அதற்கு முன் அந்தத் தாளைப் பற்றிக் கொஞ்சம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

சென்ற வாரம் உங்கள் நெல்லைப் பதிப்பில் சேரன்மகாதேவி வாசகர் ஒருவரின் கடிதம் வந்திருந்தது. படுக்கையில் விழுந்துவிட்ட தன் தாயாரை ஓர் இல்லத்தில் சேர்த்திருப்பதையும், மாதம் பிறந்தால் கட்டவேண்டிய பணத்தை நினைத்துத் தூக்கம் போவதையும் எழுதி, "ஆஸ்பத்திரிச் செலவுக்குக் காப்பீடு தருகிறவர்கள் முதியோர் இல்லச் செலவுக்கும் தந்தால் என்ன?" என்று கேட்டிருந்தார். அமெரிக்காவில் தருகிறார்களாமே என்று கடைசியில் ஒரு வரி.

ஆமாம், தருகிறார்கள். தருவதற்கு ஒரு படிவம் இருக்கிறது. அந்தப் படிவத்தை நிரப்புவதுதான் 14 வருடம் எனக்கு வேலை. அதனால் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் பாளையங்கோட்டைக்காரி. ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்துவிட்டு 2004-இல் அமெரிக்கா போனேன். ஒகையோ மாநிலத்தில், சோளக்காட்டுக்கு நடுவே இருந்த ஒரு சின்ன ஊரில், நர்சிங் ஹோம் ஒன்றில் வேலை. நம் ஊரில் நர்சிங் ஹோம் என்றால் பிரசவமும் குடலிறக்க ஆபரேஷனும் நடக்கிற சின்ன தனியார் ஆஸ்பத்திரி. அங்கே அந்தப் பெயருக்கு அர்த்தம் வேறு. இடுப்பு எலும்பு முறிந்தவர்கள், பக்கவாதம் வந்தவர்கள், நினைவு தப்பியவர்கள் வாரக்கணக்கிலும் வருடக்கணக்கிலும் தங்குகிற இடம் அது. நம் முதியோர் இல்லத்தையும் ஆஸ்பத்திரி வார்டையும் ஒரே கூரைக்குள் வைத்த மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம்.

பணம் கொடுப்பது யார் என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அமெரிக்காவில் எல்லாமே இலவசம் என்ற எண்ணம் இங்கே பலருக்கு இருக்கிறது. 65 வயதானவர்களுக்கு மெடிகேர் என்கிற அரசுக் காப்பீடு உண்டு. அதன் வழக்கமான விதிப்படி, குறைந்தது 3 நாள் ஆஸ்பத்திரியில் உள்நோயாளியாக இருந்துவிட்டு, அதற்குப் பிறகும் நர்ஸின் கவனிப்போ உடற்பயிற்சிச் சிகிச்சையோ தேவைப்பட்டால்தான் நர்சிங் ஹோம் செலவைக் கொடுக்கும். அதுவும் 100 நாள் வரைதான். முதல் 20 நாள் முழுச் செலவு. 21-ஆம் நாளிலிருந்து ஒவ்வொரு நாளும் நோயாளியின் பங்கு ஒன்று உண்டு. 100 நாள் தாண்டினால் சொந்தக் கைக்காசு. அது கரைந்து ஒன்றுமில்லாமல் போனபிறகு ஏழைகளுக்கான மெடிகெய்டு வரும். வீட்டை விற்றுவிட்டு வந்த விவசாயிகளை நான் அங்கே பார்த்திருக்கிறேன்.

சரி, படிவத்துக்கு வருகிறேன். அதை எம்.டி.எஸ். (மினிமம் டேட்டா செட், அதாவது ஒருவரைப் பற்றிக் குறைந்தபட்சம் பதிவு செய்யவேண்டிய விவரங்கள்) என்பார்கள். 1987-இல் அங்கே நர்சிங் ஹோம் சீர்திருத்தச் சட்டம் ஒன்று வந்தது. அதற்கு முன்பு முதியவர்களைக் கட்டிலோடும் நாற்காலியோடும் கட்டிப்போடுவது சர்வசாதாரணமாக இருந்திருக்கிறது. படுக்கைப்புண் வந்து அழுகிக் கிடந்தாலும் கேட்க நாதியில்லை. உள்ளே வரும் ஒவ்வொருவரையும் உச்சந்தலை முதல் உள்ளங்கால் வரை பார்த்து, என்ன முடிகிறது, என்ன முடியவில்லை, எதற்குப் பயப்படுகிறார், எதைச் சாப்பிடமாட்டார் என்று எழுதி, அதை வைத்துக் கவனிப்புத் திட்டம் போடவேண்டும் என்று அந்தச் சட்டம் சொன்னது. வந்த 14 நாளுக்குள் முழு மதிப்பீடு முடிய வேண்டும். அப்புறம் மூன்று மாதத்துக்கு ஒரு முறை, வருடத்துக்கு ஒரு முறை. நடுவில் ஆள் திடீரென்று தளர்ந்துபோனால் புதிதாக ஒன்று. படிவம் பிறந்தது இதற்காகத்தான். பணம் அதில் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது.

அப்படி ஒட்டிக்கொண்டதால் என்ன ஆனது என்பதை நான் கூட இருந்து பார்த்தவள்.

நான் இந்த வேலைக்கு வந்த புதிதில், ஒருவருக்கு வாரத்தில் எத்தனை நிமிடம் உடற்பயிற்சிச் சிகிச்சை நடந்தது என்பதை வைத்துத்தான் மெடிகேர் பெரும்பாலும் நாள் கட்டணத்தைத் தீர்மானித்தது. 7 நாளில் 720 நிமிடத்தை எட்டினால் மேல்மட்டக் கட்டணம். 90 வயதுப் பாட்டி, ராத்திரி முழுக்க இருமிவிட்டுக் காலையில் கொஞ்சம் கண் அயர்ந்திருப்பார். இன்னும் 40 நிமிடம் பாக்கி இருக்கிறது என்று எழுப்பிச் சக்கர நாற்காலியில் உட்காரவைத்துக் கூட்டிக்கொண்டு போவார்கள். கூட்டிக்கொண்டு போன பெண் நல்லவள்தான். அவளுக்குத் தரப்பட்ட பட்டியலில் 720 என்று எழுதியிருந்தது. இந்த முறையை 2019 அக்டோபர் 1-ஆம் தேதி மாற்றினார்கள். இனி நிமிடக் கணக்கு கிடையாது, நோயாளிக்கு என்ன நோய், உடம்பு எந்த நிலையில் இருக்கிறது, மனம் எப்படி இருக்கிறது என்பதை வைத்துத்தான் பணம் என்றார்கள். கேட்க எவ்வளவு நன்றாக இருக்கிறது! அந்த மாதமே எங்கள் இடத்தில் சிகிச்சைப் பிரிவில் ஆள் குறைத்தார்கள். போன மாதம்வரை தினமும் நடந்து பழகிய அதே ஆட்களுக்கு, இந்த மாதம் வாரத்தில் பாதி நாள்கூடச் சிகிச்சை இல்லை. அவர்களுடைய கால்களில் எந்த மாற்றமும் வந்துவிடவில்லை.

புது முறையில் முதல் 8 நாளுக்குள் ஒரு நாளைக் குறித்து, அதை வைத்து நிரப்புகிற மதிப்பீடுதான் பணத்தை முடிவு செய்யும். எழுந்து உட்காருவது, கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறுவது, கழிப்பறை போவது, சாப்பிடுவது என்று ஒவ்வொன்றுக்கும் 6 முதல் 1 வரை எண் உண்டு. தானே செய்தால் 6. சாமான்களை எடுத்துவைத்தால் போதும் என்றால் 5. பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டால் போதும், அல்லது லேசாகத் தொட்டுக்கொண்டால் போதும் என்றால் 4. பாதிக்குக் குறைவாகத் தூக்கிவிட்டால் 3, பாதிக்கு மேல் என்றால் 2, முழுக்க நாமே செய்தால் 1. முதல் மூன்று நாளில் அவர் வழக்கமாக எப்படி இருக்கிறார் என்று பார்த்து எழுத வேண்டும். அவருடைய நல்ல நேரத்தையும் எழுதக்கூடாது, மோசமான நேரத்தையும் எழுதக்கூடாது, வழக்கத்தை எழுத வேண்டும். இந்த 'வழக்கமாக' என்ற சொல்லில்தான் மொத்த வேலையும் இருக்கிறது.

வழக்கம் யாருக்குத் தெரியும்? காலை 9 மணிக்குக் காபியைக் குடித்துவிட்டு மேசையில் உட்காருகிற எனக்குத் தெரியாது. ராத்திரி 2 மணிக்கு மணியடித்ததும் ஓடிப்போய் அவரைக் கழிப்பறைக்குக் கூட்டிப்போகிற உதவியாளப் பெண்ணுக்குத் தெரியும். அவளோ 18 பேரைப் பார்த்துக்கொள்கிறவள். ஷிப்டு முடியும்போது கணினியில் நேற்று என்ன எண் இருந்ததோ அதையே தட்டிவிட்டு வீட்டில் பிள்ளையைப் பார்க்க ஓடுவாள். நான் முதல் சில வருடம் அந்த எண்களை அப்படியே எடுத்துப் படிவத்தில் போட்டேன். பிறகு எனக்கே பொறுக்கவில்லை. வாரத்தில் இரண்டு நாள் காலை 5 மணிக்கே போய், ராத்திரி ஷிப்டுக்காரர்கள் கிளம்புவதற்கு முன்னால், "இவர் நேற்று எப்படி எழுந்தார்? ஒரு ஆள் போதுமா, இரண்டு பேர் வேண்டியிருந்ததா?" என்று வாய்விட்டுக் கேட்டு எழுதினேன். கணினியில் 4 என்று இருந்தது பலமுறை 2 ஆனது. சில சமயம் மேலேயும் போனது. 'வயதாகிவிட்டது, முடியாது' என்று நாங்களாகவே நினைத்துக்கொண்டிருந்த ஒரு அம்மா, ராத்திரியில் யாரையும் எழுப்பாமல் தானாகவே நடந்து போய்வந்துகொண்டிருந்தார்.

இப்போது நம் ஊர்க்காரர் ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெயர் வேண்டாம். நாங்குநேரிப் பக்கத்துப் பெரியவர், மகனோடு இருக்க வந்தவர், பனியில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்து ஆபரேஷன் ஆகி எங்களிடம் வந்தார். 2020 ஜனவரி. நினைவாற்றலைச் சோதிக்க அந்தப் படிவத்தில் சின்னதாக ஒரு நேர்காணல் இருக்கிறது. மூன்று சொல்லைச் சொல்லித் திருப்பிச் சொல்லச் சொல்வார்கள்: சாக், ப்ளூ, பெட். அப்புறம் என்ன வருடம், என்ன மாதம், என்ன கிழமை. கடைசியில் அந்த மூன்று சொல்லையும் மறுபடி கேட்பார்கள். மொத்தம் 15 மதிப்பெண். 13-ஓ அதற்கு மேலோ என்றால் நினைவு தெளிவு, 7-ஓ அதற்குக் கீழோ என்றால் நினைவு கடுமையாகத் தவறுகிறது என்று கணக்கு. நான் அன்றைக்கு விடுப்பு. வேறொருவர் இங்கிலீஷில் கேட்டிருக்கிறார். பெரியவருக்குக் கிடைத்தது 6.

மறுநாள் போனேன். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "ஐயா, சாப்டீங்களா?" என்றேன். திரும்பிப் பார்த்த அந்தப் பார்வை இன்னும் கண்ணில் நிற்கிறது. "ஏ தாயி, நீ எந்த ஊருக்காரி?" என்றார். பாளையங்கோட்டை என்றதும் கண் கலங்கிவிட்டது. கொஞ்ச நேரம் ஊர்க்கதை பேசிவிட்டு முறைப்படி நேர்காணலைத் தமிழில் ஆரம்பித்தேன். சாக்ஸ், நீலம், கட்டில். டக்கென்று மூன்றையும் சொன்னார். வருடம் சரி. மாதம் கேட்டதற்கு, "தை பிறந்து நாலஞ்சு நாள் ஆச்சே" என்றார். இங்கிலீஷ் மாசம் சொல்லுங்க என்றதும் ஜனவரி என்றார். கிழமை மட்டும் தவறிவிட்டது. ஒரே மாதிரி விடிகிற இடத்தில் கிழமை யாருக்கு ஞாபகம் இருக்கும்? கடைசியில் மூன்று சொல்லும் திரும்ப வந்தன. 15-க்கு 14.

நோயாளிக்கு வசதியான மொழியில்தான் கேட்கவேண்டும், தேவைப்பட்டால் மொழிபெயர்ப்பாளரை வைத்துக்கொள்ளவேண்டும் என்று அந்த விதிப்புத்தகத்திலேயே இருக்கிறது. ஆகவே நான் செய்தது புதிதாக ஒன்றுமில்லை. ஆனால் புதுக் கட்டண முறையில், நினைவுக் குறைபாடு இருந்தால் பேச்சு-விழுங்கல் சிகிச்சைக்கான பங்கு கூடும். 6 என்று இருந்ததை 14 ஆக்கியதால் அந்தப் பெரியவருக்கு வருகிற நாள் கட்டணம் குறைந்தது. எங்கள் நிர்வாகி என்னை அறைக்குக் கூப்பிட்டார். மாற்றிப் போடு என்று சொல்லவில்லை. "இரண்டு நேர்காணலில் எதை எடுத்துக்கொள்வது என்பது உன் முடிவுதானே" என்று மட்டும் சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த மதிப்பீடு முழுமையாக முடிந்தது என்று கடைசியில் பதிவுபெற்ற நர்ஸ் ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும். அந்தக் கையெழுத்து என்னுடையது. தெரிந்தே பொய் எழுதினால் ஒரு மதிப்பீட்டுக்கு 1,000 டாலர் வரை, மற்றவரைப் பொய் எழுத வைத்தால் 5,000 டாலர் வரை அபராதம் என்று மூலச் சட்டத்திலேயே இருக்கிறது. நான் 14 என்றே அனுப்பினேன். உண்மையைச் சொன்னால் அன்றைக்கு என் மனதில் அபராதம் இல்லை. அந்த 6 நின்றிருந்தால் அவர் என்ன சொன்னாலும் 'மறதிக்காரர், ஏதோ பேசுகிறார்' என்று போயிருப்பார்கள். வலிக்கிறது என்று சொன்னாலும் நம்பியிருக்கமாட்டார்கள். தாளில் விழுகிற எண் பணத்தை மட்டும் தீர்மானிப்பதில்லை. அந்த மனிதர் வாயிலிருந்து வருகிற சொல்லுக்கு மதிப்பு இருக்கிறதா என்பதையும் அதுதான் தீர்மானிக்கிறது.

இதையெல்லாம் சொல்வதால் அந்தப் படிவமே வேண்டாம் என்று நான் சொல்வதாக யாரும் நினைக்கவேண்டாம். வந்த அன்றே சாக்ஸைக் கழற்றிக் குதிகாலைப் பார் என்று அந்தப் படிவம் சொன்னதால் எத்தனையோ கறுத்துப்போன குதிகால்களைச் சமயத்தில் பிடித்திருக்கிறோம். புண் எந்த நிலையில் இருக்கிறது, வரும்போதே இருந்ததா, இங்கே வந்தபின் வந்ததா என்று எழுதியாக வேண்டும். எழுதியாக வேண்டும் என்பதால்தான் பார்த்தார்கள். இது எவ்வளவு பெரிய காரியம் என்பது நம் ஊருக்குத் திரும்பி வந்தபிறகுதான் எனக்குத் தெரிந்தது.

2021-இல் திரும்பினேன். அடுத்த வருடமே அம்மாவுக்குப் பக்கவாதம். இடது கையும் காலும் விழுந்துவிட்டன. ஏழு மாதம் வீட்டில் வைத்து நானே பார்த்தேன். தூக்கித் தூக்கி என் முதுகெலும்பு நழுவி, எனக்கே ஆபரேஷன் என்றானபோது வேறு வழியில்லாமல் அம்மாவை ஓர் இல்லத்தில் சேர்த்தேன். எந்த இல்லம் என்பது முக்கியமில்லை, நடத்துகிறவர்கள் கெட்டவர்களும் இல்லை. சேர்க்கிற அன்று ஒரு நோட்டை எடுத்தார்கள். பெயர், வயது, ஆதார் ஜெராக்ஸ், மகள் போன் நம்பர், முன்பணம். அவ்வளவுதான். அம்மாவுக்குத் தண்ணீர் குடித்தால் புரை ஏறும், கஞ்சி மாதிரி கெட்டியாகக் கொடுத்தால் இறங்கும், வலது கன்னப் பக்கமாக ஊட்டவேண்டும், சாய்ந்து படுத்தபடி எதுவும் கொடுக்கக்கூடாது என்று நான் வார்டனிடம் வாய்வார்த்தையாகச் சொன்னேன். அவரும் தலையாட்டினார். 14 வருடம் எழுதிப் பழகிய நான், அன்றைக்கு அதை ஒரு தாளில் எழுதிக் கட்டில் தலைமாட்டில் ஒட்டாமல் வந்துவிட்டேன். இது இன்றைக்கும் என்னை உறுத்துகிறது.

பகலில் ஒரு அக்கா இருந்தார். முக்கூடல் பக்கம். பீடி சுற்றிக்கொண்டிருந்தவர், நெஞ்சு ஒத்துக்கொள்ளாமல் இந்த வேலைக்கு வந்தவர். யாரும் சொல்லாமலே இரண்டே நாளில் அம்மாவை முழுக்கத் தெரிந்துகொண்டார். "ஆச்சிக்கு இடது பக்கம் சோறு தங்கிடுதும்மா, நான் விரலை விட்டு எடுத்துட்டுத்தான் அடுத்த வாய் கொடுக்கேன்" என்று போனில் எனக்குச் சொன்னார். அமெரிக்காவில் பேச்சு-விழுங்கல் நிபுணர் சம்பளம் வாங்கிக்கொண்டு கண்டுபிடிக்கிற விஷயம் அது. 17-ஆம் நாள் அந்த அக்காவின் அண்ணன் வீட்டுக் கல்யாணம். ராத்திரிக்குப் புதிதாக ஒரு பெண் வந்தாள். தாகமாக இருக்கிறது என்று அம்மா சைகை காட்ட, அந்தப் பிள்ளை பாவம், படுத்திருந்தபடியே டம்ளரில் தண்ணீர் கொடுத்திருக்கிறாள். மூன்றாம் நாள் காய்ச்சல், நிமோனியா, ஆஸ்பத்திரி. நான் இடுப்பில் பெல்ட்டைக் கட்டிக்கொண்டு போய், உடுப்பு மாற்ற அம்மாவைத் திருப்பியபோது முதுகின் அடியில் உள்ளங்கை அகலத்துக்குத் தோல் உரிந்திருந்தது. அது எப்போது வந்தது என்று யாருக்கும் தெரியவில்லை. எந்த நோட்டிலும் இல்லை.

அந்த நிமோனியாவுக்கான ஆஸ்பத்திரிச் செலவைக் காப்பீட்டு நிறுவனம் பேசாமல் கொடுத்தது. இல்லச் செலவைக் கேட்டபோது, பாலிசியில் இருக்கிற விலக்கு ஒன்றைக் காட்டி மறுத்துவிட்டது. சேரன்மகாதேவி வாசகர் தன் பாலிசியை எடுத்துப் பார்க்கலாம். 'Excl05' என்று ஒரு பத்தி இருக்கும். எல்லா நிறுவனங்களும் ஒரே வாசகத்தில் போடும்படி காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2019-இல் வகுத்துக் கொடுத்தது அது. குளிப்பாட்டுவது, உடுத்திவிடுவது, நடக்க உதவுவது போன்ற அன்றாடக் காரியங்களுக்காக வீட்டிலோ பராமரிப்பு நிலையத்திலோ ஆகும் செலவு, அதை நர்ஸே செய்தாலும், கிடையாது. முதல்வரின் காப்பீட்டுத் திட்டமும், 2024 அக்டோபரில் 70 வயதும் அதற்கு மேலும் ஆன எல்லோருக்கும் என்று விரிவாக்கிய மத்திய அரசின் 5 லட்ச ரூபாய்த் திட்டமும் ஆஸ்பத்திரிச் சிகிச்சைக்கானவைதான். அம்மாவைச் சாய்த்து உட்காரவைத்துக் கஞ்சி ஊட்டுகிற கைக்குக் காசு கிடையாது. ஊட்டத் தெரியாமல் நுரையீரலுக்குள் தண்ணீர் போனபிறகு பில் போட்டால் காசு உண்டு.

ஆகவே அந்த வாசகரின் கோரிக்கையோடு நானும் சேர்ந்துகொள்கிறேன். இந்த விலக்கு மாறவேண்டும். என்றைக்காவது மாறத்தான் போகிறது, ஏனென்றால் நம் மாவட்டத்தில் பிள்ளைகள் சென்னையிலும் பெங்களூரிலும் வளைகுடாவிலும் இருக்க, பெற்றவர்கள் மட்டும் இருக்கிற வீடுகள் தெருவுக்குத் தெரு இருக்கின்றன. அன்றைக்கு ஒரு படிவமும் கூடவே வரும். யாருக்கு எவ்வளவு கவனிப்பு தேவை என்று தெரியாமல் எந்தக் காப்பீடும் பணம் தராது. என் கவலை, அந்தப் படிவம்தான் நம் இல்லங்களில் முதல்முதலாக எழுதப்படுகிற படிவமாக இருந்துவிடக்கூடாது என்பது. பணத்துக்காகவே எழுதப் பழகிய கை, பணத்துக்குத் தகுந்தபடிதான் எழுதும். அம்மா எப்படி விழுங்குகிறாள் என்று அம்மாவுக்காக எழுதிப் பழகிய கையில் அந்தப் படிவம் வந்து சேரட்டும். அப்போது அது கொஞ்சமாவது நேராக நிற்கும்.

இதற்கு அரசாணைக்கோ கணினிக்கோ காத்திருக்கவேண்டாம். அம்மா போனபிறகு நான் ஒரு தாள் தயாரித்தேன். முன்பக்கம், பின்பக்கம், அவ்வளவுதான். முழுக்கத் தமிழில், நாம் பேசுகிற மாதிரியே. 'தானே எழுந்து கக்கூஸ் போவாரா, ஒருவர் கை கொடுக்கணுமா, இரண்டு பேர் தூக்கணுமா?' 'தண்ணீர் குடிக்கும்போது இருமுகிறாரா?' 'எந்தப் பக்கம் ஊட்டணும்?' 'யார் பெயரைச் சொன்னால் சிரிக்கிறார்?' 'ராத்திரி எதற்கு எழுந்திருப்பார்?' பின்பக்கத்தில் மனித உடம்பின் படம், முன்னும் பின்னும். சேர்க்கிற அன்றே, மகனோ மகளோ பக்கத்தில் இருக்கும்போதே, துணியை விலக்கித் தோலைப் பார்த்து, எங்கே சிவப்பு, எங்கே புண் என்று பேனாவால் குறிக்க வேண்டும். மூன்றாம் நாள் மற்றக் கேள்விகள். மூன்று மாதத்துக்கு ஒரு முறை மறுபடி. நடுவில் ஆஸ்பத்திரி போய்வந்தால் அன்றைக்கே புதிதாக.

எழுதும்போது குளிப்பாட்டுகிற அக்காவும் ராத்திரி பார்த்துக்கொள்கிறவரும் பக்கத்தில் இருக்கணும். அவர்கள் சொல்லச் சொல்ல எழுதணும். எழுத வராது என்றால் வாயால் சொல்லட்டும், பெயரைப் போட்டுக் கைநாட்டு வாங்கிக்கொள்ளலாம். அந்த அரைமணி நேரத்தைச் சம்பள நேரமாகவே கணக்கில் வைக்கவேண்டும். வேலை முடிந்து பஸ்ஸுக்கு ஓடுகிறவரை நிறுத்திவைத்துக் கேட்டால் 'நேத்து மாதிரிதான்' என்றுதான் பதில் வரும். அமெரிக்காவில் நான் கண்டதும் அதேதான். ஒரு பிரதி கட்டில் தலைமாட்டில், ஒரு பிரதி குடும்பத்திடம். குடும்பத்திடம் இருக்கிற பிரதிதான் நாளைக்கு யாரும் 6-ஐ 14 ஆக்காமலும் 14-ஐ 6 ஆக்காமலும் காக்கும்.

யார் எழுதுவது என்று இல்லங்கள் கேட்கும். பாளையிலும் நெல்லையிலும் எத்தனை நர்சிங் கல்லூரிகள்! சமுதாய நலப் பயிற்சிக்கு என்று பிள்ளைகள் கிராமம் கிராமமாகப் போகிறார்கள். ஒரு வாரம் முதியோர் இல்லத்துக்கு அனுப்பினால் மாணவி ஒருத்தி ஒரு நாளில் நான்கு பேரைப் பார்த்து எழுதிவிடுவாள். மக்களைத் தேடி மருத்துவத்தில் வீடு வீடாகப் போய்ப் படுக்கை நோயாளிகளுக்கு உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்கிற பணியாளர்கள் 2021 முதல் இருக்கிறார்கள். அவர்கள் இல்லங்களுக்குள்ளும் வந்து இந்தத் தாளைப் பார்த்தால் நல்லது. மாவட்டத்துக்கு ஒரு முதியோர் இல்லமாவது என்று தொடங்கி மாநில அரசு இல்லங்களை அமைக்கலாம் என்று 2007-ஆம் ஆண்டுப் பெற்றோர் பராமரிப்புச் சட்டம் சொல்கிறது. இல்லத்தைப் பார்க்க வருகிற அதிகாரிகள் கட்டில் எண்ணிக்கையோடு கழிப்பறையையும் பார்க்கிறார்கள், சந்தோஷம். தலைமாட்டில் தாள் இருக்கிறதா, அதில் தேதி என்ன என்றும் ஒரு பார்வை பார்க்கட்டும்.

நாளைக்குக் காப்பீடு வந்து படிவமும் வந்தால், விதி எழுதுகிறவர்களிடம் ஒன்றே ஒன்று கேட்பேன். எந்த எண்ணுக்கு எவ்வளவு ரூபாய் என்பது நிரப்புகிறவருக்குத் தெரியவேண்டிய அவசியமே இல்லாதபடி செய்யுங்கள். எனக்குத் தெரிந்திருந்தது. ஒவ்வொரு முறையும் பேனாவை வைக்கும்போது தெரிந்திருந்தது. அந்த 14 வருடத்தில் என்னைக் களைப்பாக்கியது அதுதான், வேலை இல்லை.

அந்தத் தாள் வேண்டுமென்கிற இல்லத்தார் உங்கள் நெல்லை அலுவலகத்தில் கேட்டால் கொடுத்தனுப்புகிறேன். என் முகவரி உங்களிடம் இருக்கிறது. வாரத்தில் இரண்டு நாள் நானே வந்து முதல் சில பேருக்கு எழுதிக் காட்டவும் தயார். முதுகு இன்னும் சரியாக வளையாது, உட்கார்ந்து எழுத ஒரு நாற்காலி போட்டால் போதும்.

சேரன்மகாதேவி வாசகருக்கு: உங்கள் அம்மாவை அடுத்து பார்க்கப் போகும்போது சட்டையையும் போர்வையையும் விலக்கி, முதுகின் அடிப்பகுதியையும் இரண்டு குதிகாலையும் உங்கள் கண்ணால் பாருங்கள். சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுங்கள். சிவப்பு மறையாமல் அப்படியே நின்றால், அன்றைக்கே நர்ஸைக் கூப்பிட்டுக் காட்டுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர்,
பாளையங்கோட்டை.